பாதி ஈரல் மாப்பிள்ளை

“பாதி ஈரல் உள்ளவனுக்கு என் மகளக் கொடுக்க மாட்டேன். இந்தப் பேச்சு இதோட சரி!”

நல்லக்கண்ணு தோளில் கிடந்த துண்டை உதறினார். தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் உப்பு மூட்டை சுமக்கிறவர். குரலும் அதற்கேற்ற குரல்தான்.

பேசி வைத்திருந்த மாப்பிள்ளை செந்தில்வேல் மேல் முன்பொரு முறை லாரி மோதி ஈரல் கிழிந்துவிட்டது. டாக்டர்கள் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். காலையில் அவனே வீடு தேடி வந்து அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“மறைக்காமச் சொன்னாரேப்பா,” என்றாள் மகள் வடிவு. அவளுக்கு அவனை ரொம்பவே பிடித்துவிட்டது.

அடுப்படியில் அம்மா செல்லக்கிளியின் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

“ஏளா, சொல்லிட்டா போன ஈரல் வந்திருமா?” என்றார் நல்லக்கண்ணு.

“வரும்ப்பா!” மதுரைக் கல்லூரி ஆய்வகத்தில் எலியின் ஈரலோடு மல்லுக்கட்டுகிறவள் வடிவு, விடுவாளா? “வெட்டுன ஈரல் திரும்ப வளரும். ‘வளரு’ன்னு சொல்லுத பொருளு ஒண்ணு ரத்தத்துல வரும். அதப் பிடிக்கதுக்குன்னே ஈரல் செல்லு மேல கொக்கி மாதிரி இருக்கு. பிடிச்சு உள்ள இழுத்துக்கிடும். செல்லு ஒண்ணு ரெண்டாகும். உள்ள இழுத்த பொருளயும் செல்லே அழிச்சிரும். கொஞ்ச மாசத்துல ஈரல் பழைய அளவுக்கு வந்திரும்ப்பா.”

“எலிக்கு வளரட்டும். எலி மூட்டை தூக்குதா?”

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லக்கண்ணு சட்டையைத் தூக்கி வயிற்றுத் தழும்பைத் தட்டிக் காட்டினார்.

“நானும் ஆபரேசன் பண்ணவன்தான். இது வெறும் குடல்வாலு. அதான் எந்திரிச்சு வந்து, இன்னைக்கும் எளவட்டங்களுக்குச் சமமா மூட்டை தூக்குதேன். ஈரல்னா சும்மாவா? பாதி போனவனால ஒரு மூட்டை தூக்க முடியுமா? ஏ செல்லக்கிளி, நீயே சொல்லு!”

செல்லக்கிளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

“முடியும். நீங்கதான் தெனமும் தூக்குதியளே! அன்னைக்கு மதுரையில உங்களுக்கு எடுத்தது குடல்வால் இல்ல, கட்டி வந்த பாதி ஈரல். அப்பவே சொல்லியிருந்தா, நீங்க இன்னைக்கு வரைக்கும் படுக்கைய விட்டு எந்திரிச்சிருக்க மாட்டிய!”