வெறும் கூடு

தொபியாஸ் தன் அப்பாவின் ஒற்றைத் தோட்டா ரைஃபிளை எனக்குப் பரிசாகக் கொடுத்தபோது அது துருவேறி இறுகிக் கிடந்தது. கட்டையை இழைத்து எண்ணெய் பூசினேன். மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி, தோட்டா போடும் வாயையும் நேற்று திறந்துவிட்டேன். உள்ளே சுட்டு முடிந்த தோட்டாவின் வெறும் கூடு.

வேட்டைக்குப் போகிறவர்கள் சுட்ட கையோடு கூட்டை உருவி எறிந்துவிடுவார்கள். அடுத்ததைப் போட வேண்டுமே. தொபியாஸின் அப்பா பெரிய வேட்டைக்காரர். காய்ச்சலில் போனார் என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள்.

கூட்டை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

இன்று தொபியாஸ் வந்தான். சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைத் தொடாமல் பார்த்தான்.

"புதுசாட்டம் ஆக்கிட்டியேடா. தொறந்துச்சா?"

"இல்லடா. நல்லா இறுகிப்போச்சு."

"நானும் தொறந்து பாத்ததில்ல" என்றான், நான் கேட்காமலே.