கோடு போட்ட பக்கங்கள்

"படிச்சவங்க செய்யற வேலையா சார் இது?"

நூலகர் அந்தக் கையேட்டை விரித்து, புத்தகம் திருப்பித்தர வந்தவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கடிதம் எழுதக் கற்றுத்தரும் கையேடு. நாற்பதாம் பக்கத்தில், ஒரு வரிக்கு அடியில், பென்சிலால் அழுத்தி இழுத்த கோடு.

ஐந்து மாதமாக அடக்கிவைத்த கோபம் அது.

வாராவாரம் மூன்று புத்தகம் எடுத்துப்போவார். வீட்டில் இருக்கும் மனைவிக்காம். தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டார். கைக்கு அகப்பட்டதை உருவிக்கொண்டு வருவார். ஒரு வாரம் கப்பல் பயண நூல், முதலுதவிக் கையேடு, தச்சு வேலை. இன்னொரு வாரம் துப்பறியும் நாவல், யாரோ ஒரு அதிகாரியின் சுயசரிதை, தேனீ வளர்ப்பு. "எதையாவது படிச்சிட்டுக் கிடக்கட்டும் மேடம்" என்பார், சிரித்துக்கொண்டே.

போன மாதிரி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு கோடு.

அதை இவள் உட்கார்ந்து அழிக்க வேண்டும். வாசகர்கள் தனக்கு ரப்பரம்மா என்று பட்டப்பெயர் வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். வைக்கட்டுமே. நாலு பேர் படிக்கிற புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டாமா?

அழிக்கும்போது கோட்டை மட்டும்தான் பார்ப்பாள். வரியைப் பார்க்க ஆரம்பித்தால் வேலை ஓடாது. மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் தின்றுகொண்டிருந்தால் கடை என்னவாகும்?

இந்தக் கோடுகளோ அழித்தாலும் முழுதாகப் போவதில்லை. அத்தனை அழுத்தம். தாளில் பள்ளம் விழுந்து தடம் நிற்கும். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

போன வாரம் பொறுமை கெட்டு, இந்தக் கடிதக் கையேட்டுக்குள் ஒரு சீட்டு எழுதிச் செருகி அனுப்பினாள். அதற்கும் அசையவில்லை அந்த மகராசி. சீட்டை நாற்பதாம் பக்கத்தில் வைத்து, அங்கேயே ஒரு கோட்டையும் இழுத்து அனுப்பியிருக்கிறாள். என்ன திமிர்!

அவர் கையேட்டை வாங்கி அந்த வரியைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"எல்லாத்துலயும் இப்படியா மேடம்?"

"எல்லாத்துலயும்தான். அழிச்சு அழிச்சு எனக்குக் கை வலியே வந்துடுச்சு."

"நல்லவேளை, அழிச்சீங்க."

ரப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நின்றபடியே கையேட்டில் இருந்ததை அழித்தார். கூடக் கொண்டுவந்திருந்த நாவலையும், ஒரு நர்ஸ் எழுதிய சுயசரிதையையும் பக்கம் பக்கமாகத் தேடி அவற்றிலும் அழித்தார். தாள் கசங்கவில்லை. தூளைக்கூட உள்ளங்கையில் கூட்டி எடுத்தார்.

அவள் கோபம் இறங்கிவிட்டது. தப்பை ஒத்துக்கொண்டு நின்று செய்கிற மனுஷன். இவருக்குப் போய் இப்படி ஒருத்தி வாய்த்திருக்கிறாளே என்று நினைத்தாள்.

அவர் உறுப்பினர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இனிமே அவ படிக்க மாட்டா. நான் பாத்துக்கறேன்."

இந்தத் தடவை சிரிக்கவில்லை. போய்விட்டார்.

ஜெயித்த திருப்தியோடு மேலே இருந்த நாவலை எடுத்தாள். அடுத்தவர் செய்த வேலையைச் சரிபார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். கோடு இல்லை. பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு வரியை அந்த மனுஷர் அவ்வளவு நேரம் படித்தாரே என்று, முதல் தடவையாக, பள்ளத்துக்கு மேலே இருந்ததைப் படித்தாள்.

'வெளியே போகும்போதெல்லாம் அவர் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோனார்.'

கதைதானே. சுயசரிதையை எடுத்தாள்.

'வழுக்கி விழுந்ததாக அவள் சொன்னாள். அது விழுந்த காயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.'

அவள் எழுந்து அலமாரிக்கு ஓடினாள்.

முதலுதவிக் கையேட்டில்: 'முறிந்த கையை அசைக்காமல் துணியால் கட்டவும்.'

தேனீ வளர்ப்பில்: 'வாயிலை வெளியிலிருந்து அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவை நெடுநாள் தாங்கா.'

தச்சு வேலைப் புத்தகத்தைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மாதமாக ஒருத்தி கத்தியிருக்கிறாள். வாரம் தவறாமல் அவள் வாயைப் பொத்தியது யார்? இந்த ரப்பரம்மா. சுத்தமாம், சுத்தம்! இன்றைக்கு அவளைக் காட்டிக்கொடுத்ததும் இதே ரப்பரம்மாதான். வாய் கிழியப் புகார் சொல்லி, கையில் ரப்பரையும் கொடுத்து, அந்த ஆளை நல்லவன் என்று வேறு நினைத்து. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

உறுப்பினர் படிவத்தைத் தேடி எடுத்தாள். முகவரி இருந்தது. இரண்டு தெருதான் தள்ளி. காவல் நிலையத்துக்குப் போன் போட்டு அதைப் படித்துக் காட்டினாள். "சீக்கிரம் வாங்க சார், அவர் வீட்டுக்குத்தான் போயிட்டிருக்கார்" என்று கத்தினாள். வாசகர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய அவசரத்தில் கை பட்டுக் கடிதக் கையேடு கீழே விழுந்தது. நாற்பதாம் பக்கம் விரிந்தது.

அவள் சீட்டு அங்கேதான் இருந்தது. அவளே கோபத்தோடு எழுதிய எழுத்து: 'வாராவாரம் கோடு போட்டு அனுப்புகிறீர்களே, உங்களுக்கு என்னதான் வேண்டும்?'

அதற்கு நேர் கீழே, மாதிரிக் கடிதத்தின் கடைசி வரி. அதன் அடியில் தாளே கிழிகிற அளவுக்குப் பள்ளம்.

'இக்கடிதம் கண்டதும் தாமதியாமல் புறப்பட்டு வரவும்.'