கை தூக்கச் சொன்ன காலை

"சிகிச்சை எடுத்து உண்டான ரெட்டையா? அவங்க மட்டும் கையைத் தூக்குங்க!" நர்ஸ் சந்தைக்காரி போலக் கூவினாள்.

நைஜீரியாவின் இக்போ ஓரா ஊர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முப்பது கர்ப்பிணிகள். பாதிப் பேர் வயிற்றில் இரட்டை. ஒரு கையும் எழவில்லை.

மொரேனிகேயின் கை மடியிலேயே கிடந்தது.

வயிற்றிலிருக்கும் குழந்தைகளின் இதயத்தைப் பார்க்கும் டாக்டர் இபாதான் நகரத்திலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். கருவியும் அவரோடு வந்து அவரோடு போய்விடும். மதியத்துக்குள் எட்டுப் பேரைத்தான் பார்க்க முடியும். கருத்தரிப்புச் சிகிச்சையில் உண்டான இரட்டைகளுக்கு இதயக் கோளாறு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். அதனால் அவர்களுக்கே முதலிடம்.

கொஞ்சம்தான் என்று மொரேனிகேக்கும் தெரியும். ஆனால் இபாதானில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிகிச்சை எடுத்த ஃபுன்மிக்குப் பிறந்த இரண்டில் ஒன்று, நாலாம் நாள் நீலம் பாரித்துச் செத்துப்போனது. முன்னாலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்களாம்.

கையைத் தூக்கினால் போதும். ஆனால் பக்கத்தில் மாமியார் அலாக்கே இருந்தாள்.

"சிகிச்சையா? எங்க வீட்டுப் படியை மிதிச்சாலே ரெட்டைதான், சிஸ்டர்!" அலாக்கே சொன்னதற்குப் பெஞ்சே குலுங்கிச் சிரித்தது.

ஒன்பது வருடம் இதே வாய் மொரேனிகேயை மலடி என்றது. விருந்தாளிகள் முன்னால் சொன்னது, தேவாலய வாசலில் சொன்னது. குறை தன் கணவன் பாமிடேலேயிடம் என்று தெரிந்த பிறகும் மொரேனிகே வாயைத் திறக்கவில்லை. பாமிடேலே அழுதுவிட்டான். அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

வேறு ஊராக இருந்தால் இரட்டை என்றதும் நாலு பேர் துருவிக் கேட்டிருப்பார்கள். இங்கே தெருவுக்குத் தெரு இரட்டை; யார் கேட்பது? அந்தத் தைரியத்தில்தான் சிகிச்சையை மறைத்தார்கள். இன்று அதுவே அவள் கழுத்தை நெரித்தது.

"அப்போ யாரும் இல்ல, இல்லையா?" நர்ஸ் பட்டியலை மூடப் போனாள்.

வயிற்றில் வலப்பக்கத்துக் குழந்தை உதைத்தது. இடப்பக்கத்துக் குழந்தை காலையிலிருந்தே சும்மா இருந்தது. தூங்குகிறதா? தூங்கட்டும், கடவுளே, தூங்கிக்கொண்டு மட்டும் இருக்கட்டும்.

மானமாவது மண்ணாவது. மொரேனிகே கையைத் தூக்கினாள்.

சிரிப்பு நின்றது. முப்பது ஜோடிக் கண்கள் அவள் மேல். கையை இறக்கவில்லை. மாமியாரைத் திரும்பிப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. கத்தட்டும், வீட்டை விட்டுத் துரத்தட்டும், டாக்டர் பார்த்தால் சரி.

அலாக்கே கத்தவில்லை. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மருமகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"போ. பதினாலு வயசுல உம் புருஷனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கீழ இறங்கிடுச்சு. இவனுக்குப் புள்ள பொறக்கிறது கஷ்டம்னு டாக்டர் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு."

மொரேனிகே எழுந்தாள். அப்படியானால் அந்த ஒன்பது வருடமும் இவளுக்குத் தெரியும்.

நர்ஸ் பெயரைக் கேட்டாள். மொரேனிகே மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் பெயரை அலாக்கேதான் சொன்னாள்.