பெரியவரின் ஒப்புதல்

சூப்பிரண்டு தள்ளிய வேகத்தில் சர்வர் அறைக் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? தலைமை ஆபீஸ்லேருந்து பெரியவர் போன்ல கத்தறார். சாஃப்ட்வேர் அவரை உள்ளயே விடமாட்டேங்குதாம்!"

சர்வரைப் பார்த்துக்கொள்பவளுக்குச் சுள்ளென்று வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான். காலையிலிருந்து வாங்கும் எட்டாவது திட்டு இது.

"சார், இதுவரைக்கும் அது பாஸ்வேர்டை மட்டும்தான் பார்த்துச்சு. இன்னைக்கிலேருந்து, ஆள் இன்னும் வேலையில இருக்காரான்னு நெட்வொர்க்ல இருக்கற பேர்ப் பட்டியலைப் பார்த்துட்டுத்தான் உள்ள விடும்."

"கதை அளக்காதே! அவர் ஒப்புதல் இல்லாம இங்க ஒரு ஃபைல் நகராது. உன் வேலைக்கே உலை வச்சிடுவேன், ஜாக்கிரதை!"

பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பட்டியலில் பெரியவரின் பெயரைத் தேடினாள். தேடி முடித்ததும் நாற்காலியை மெதுவாக சூப்பிரண்டு பக்கம் திருப்பினாள்.

"சார், பெரியவர் ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னைக்கே நெட்வொர்க்லேருந்து பேரை எடுத்துட்டாங்க."

சூப்பிரண்டின் குரல் பாதாளத்துக்கு இறங்கியது. "அப்படியா... சரி, விடும்மா."

"எப்படி சார் விடறது? போன மாசம் அவர் பாஸ்வேர்டைப் போட்டு உங்க புரமோஷனுக்கு ஒப்புதல் குடுத்தது யாரு?"