அளவு ஜாக்கெட்

புருசன் சவேரியாரின் நீலச் சட்டையை நனைத்துப் பிழிந்து வாசல் கொடியில் போட்டாள் லூர்து மேரி. காற்று பலமாக இருந்தது. பறந்துவிடாமல் இரண்டு தோளிலும் கிளிப்பு மாட்டினாள். அவருடைய செருப்பையும் எடுத்து வந்து படியோரம் வைத்தாள்.

பார்க்கிறவர்களுக்கு, ஆம்பளை இருக்கிற வீடு என்று தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதான் வைத்தாள். அவர் கடலோடு போய் மூன்று வருடம் ஆகிறது.

சட்டையில் இருந்த அவர் வாசம் எப்போதோ போய்விட்டது. இப்போது சாயமும் போய்க்கொண்டிருந்தது. கல்யாண ஜாக்கெட் கையில் இருக்கிற நாளிலெல்லாம் நனைத்தால் எந்தத் துணிதான் தாங்கும்?

அக்காள்மடத்தில் இருந்துகொண்டு அவள் போடும் ஆரித் தையல் வேலைக்கு ஒரு காலத்தில் பாம்பன் தீவைத் தாண்டியும் பெயர் இருந்தது. உச்சிப்புளிக்காரி ஒருத்தி, பாதி வேலையில் விசயம் தெரிந்துகொண்டு, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த பட்டுத் துணியை அப்படியே கத்தரித்து எடுத்துக்கொண்டு போனாள். "அறுதலி கை பட்டதைப் போட்டுக்கிட்டு எம் மக மணவறையில உக்காரணுமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

அதற்குப் பிறகு முகூர்த்த ஜாக்கெட் வருவது அரிதாகிவிட்டது. இந்த முகூர்த்தத்துக்கு வந்தது இது ஒன்றுதான். இதுவும் கைவிட்டுப் போனால் சட்டத்தைச் சாத்தி வைத்துவிட்டு இறால் உரிக்கப் போக வேண்டியதுதான்.

"மேரி... இருக்கியா தாயி?"

சாயல்குடியிலிருந்து முருகலட்சுமி வந்திருந்தாள். மகள் ஜெயப்பிரியாவின் கல்யாண ஜாக்கெட்டைக் கொடுத்திருப்பவள். படியில் ஏறும்போது கொடியில் ஆடிய சட்டையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கம்மா. இந்தக் காத்துல எதுக்கு அலையிறீக? முடிச்சதும் நானே போன் பண்ண மாட்டேனா?"

"ஒரு எட்டுப் பாத்துட்டுப் போவம்னுதான். கல்யாணம் கிட்ட வந்துருச்சுல்ல."

"அவரு கடலுக்குப் போயிருக்காரு. இருந்தா உங்களுக்கு ஒரு கலர் சோடா வாங்கியாரச் சொல்லுவேன்."

யாரும் கேட்கவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதுவே சொல்லிக்கொண்டது.

முருகலட்சுமி சட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சந்தன நிறப் பட்டில் கழுத்தைச் சுற்றி ஜரிகைக் கொடி ஓடி, தோளில் வந்து மொட்டு விட்டிருந்தது. லூர்து மேரி ஆரி ஊசியை இறக்கி, அடியிலிருந்து நூலை இழுத்து இழுத்துச் சங்கிலி கோத்தாள்.

"பொண்ணு பேரை ஒரு கையில, மாப்பிள்ளை பேரை ஒரு கையில, எல்லாரும் கேக்குறாக. போட்டுருவமா?"

"பேரெல்லாம் வேணாம் தாயி. கோயில்ல வச்சு, சுருக்கமாத்தான் பண்றோம்."

"அளவு ஜாக்கெட்டுல இம்புட்டு வேலை இருக்கே, இதுக்கும் கொஞ்சம் கனமாக் கேப்பீகன்னு நெனச்சேன்."

முருகலட்சுமி அளவுக்குக் கொடுத்த சிவப்புப் பட்டு ஜாக்கெட் பாயில் கிடந்தது. ஒருதரம் உடுத்தியிருந்தால் அதிகம். அதன் வலது கையில் மட்டும் யாரோ நூலைப் பிரித்திருந்தார்கள். நாலைந்து எழுத்து அகலத்துக்கு ஊசித் தடம் அப்படியே நின்றது.

"இந்த எடத்துல தப்பாப் போட்டுப் பிரிச்சாகளோ? அரைகுறைக் கைகிட்ட குடுத்துட்டீக போலம்மா."

"அது கெடக்கு, விடு" என்றாள் முருகலட்சுமி.

அப்போது அடுத்த வீட்டு ஜோஸ்லின், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"யக்கா! பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துனாலும் ஏத்துனாக, ஒரு போட்டும் கடலுக்கு எறங்கல. எங்க வீட்டு ஆளு கட்டில்ல கெடந்துக்கிட்டு டீயைக் கொண்டா, வடையைக் கொண்டான்னு உசுர வாங்குது. மூணு வருசமா உனக்கு அந்தத் தொல்லை இல்ல, குடுத்து வச்சவ!"

சொன்ன பிறகுதான் உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, வந்த வழியே நழுவினாள்.

கூண்டு ஏற்றியது லூர்து மேரிக்குத் தெரியாது. அவர் போனதிலிருந்து கடல் சேதி எதையும் அவள் காதில் வாங்குவதில்லை.

பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பயம் வரவில்லை; அலுப்புத்தான் வந்தது. எழுந்து போய்க் கொடியிலிருந்து சட்டையை எடுத்தாள். ஈரத்தோடு மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு மறுபடி சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அவரு இல்லம்மா. பொணங்கூடக் கரைக்கு வரல."

முருகலட்சுமியின் பார்வை மடியில் சுருட்டியிருந்த சட்டைக்குப் போனது.

"சத்தம் போடாதீக. நீங்க வெட்டுனா பட்டு கிழிஞ்சு போகும். நானே பதமா அவுத்துத் தாரேன்" என்று கத்தரிக்கோலை எடுத்து, துணியைச் சட்டத்தோடு கட்டியிருந்த நூலுக்குக் கொண்டுபோனாள்.

முருகலட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உச்சிப்புளிக்காரி உன்கிட்ட வந்து துணியை வெட்டிட்டுப் போன கதை எங்க ஊரு வரைக்கும் வந்துச்சு. அதைக் கேட்டுட்டுத்தான் உன்னையத் தேடி வந்தேன்."

லூர்து மேரிக்கு விளங்கவில்லை. முருகலட்சுமி அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்து, கையில் நூல் பிரித்த இடத்தை விரலால் தடவினாள்.

"எம் மகளோட மொதக் கல்யாண ஜாக்கெட்டு இது. இதைச் சுமங்கலியாத் தேடித்தான் தாயி குடுத்தேன்."