அசல் இலங்கைத்துறை ஆள்

“இந்த வதிவிடச் சான்றிதழ் செல்லாது தங்கச்சி. ஆறு மாசம் முடிஞ்சு போச்சு” என்று கடதாசியைத் திருப்பி நீட்டினார் அப்துல் மஜீத். நேர்முகப் பரீட்சைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்.

ஞானமணி அதைக் கையில் வாங்கவில்லை. இலங்கைத்துறை மருந்தகத்துக்கு ஒரு சிற்றூழியர் தேவை, அதுவும் அந்த ஊர் ஆட்களுக்கே ஒதுக்கிய வேலை என்று அறிவித்தல் வந்த நாளிலிருந்து அவளுக்கு உறக்கமே இல்லை. இதுவும் கை நழுவினால் நிவாரண அரிசியை நம்பி, மகளோடு திருகோணமலை அகதி முகாமிலேயே கிடக்க வேண்டியதுதான்.

“புதுசு எடுக்க எங்கட கிராம அதிகாரி விதானையாரிட்டப் போனனான் சேர். ஊரில இருக்கிற ஆக்களுக்குத்தான் தரலாமாம். புருசன் ஷெல் பட்டுச் செத்த அண்டைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். நான் எப்பிடி ஊரில இருக்கிறது?”

“நான் என்ன செய்ய? அந்தப் புள்ளட சான்றிதழ் போன மாசம் எடுத்தது.”

அந்தப் பிள்ளை, பக்கத்துக் கதிரையில் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்த கனகமணி. ஞானமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஊர்க் கிணற்றடியிலோ கோயிலடியிலோ ஒருநாளும் கண்ட முகமில்லை.

“தங்கச்சி, ஊரிலயிருந்து வெருகல் கோயில் திருவிழாவுக்கு எப்பிடிப் போறனீங்கள்?”

“பஸ்ஸிலதான்.”

“கேட்டியளே சேர் கதையை! எங்கட ஊருக்குள்ள எந்தக் காலத்தில பஸ் வந்தது? சின்னன் பெரிசு எல்லாரும் மணலில கால் வேக வேக நடந்துதான் போறனாங்கள். இவ பஸ்ஸில போனவவாம்!”

கனகமணியின் முழங்கால் ஆட்டம் நின்றது. “நான் நிலாவெளி சேர். வீட்டில சரியான கஷ்டம். ஆரையோ பிடிச்சுத்தான் சான்றிதழ் எடுத்தனான்” என்று அழுதாள்.

“நீங்க போங்க புள்ள” என்றார் மஜீத். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியேறினாள். பாவம்தான். ஆனால் பாவம் பார்த்தால் ஞானமணியின் மகளுக்கு யார் சோறு போடுவது?

துறைமுகப் பக்கம் ‘டமார்’ என்று ஒரு வெடி. ஞானமணி பதறி எழுந்து வாசல்வரை போய்விட்டாள்.

“அது நேவிக்காரன் சுட்டுப் பழகுறான். வந்து இரிங்க” என்று சிரித்தார் மஜீத். “வள்ளத்தில ஏறிப் பழக்கமா?”

இதுவும் ஊரைச் சோதிக்கிற கேள்வி என்று அவளுக்குப் பட்டது. “என்ன சேர் கேக்கிறியள்? கடலுக்குள்ளயே பிறந்த ஆக்கள் நாங்கள்!”

“நல்லது. சான்றிதழ் பழசெண்டாலும் ஆள் அசல். நான் பொறுப்பெடுக்கிறன்.” அவர் நியமனக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

ஞானமணிக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. ஊர்ப் பள்ளிக்கூடம் அதே பெயரோடு முகாமில் ஒரு கொட்டிலுக்குள் நடக்கிறது. மருந்தகமும் பக்கத்துக் கொட்டிலில் வரும். கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானம் ஓடிப்போய் மகளுக்குச் சோறு கொடுத்துவிடலாம். அப்பாடா!

மஜீத் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தினார். “வெள்ளிக்கிழமை மருந்து ஏத்திக்கிட்டு வள்ளம் போகுது. மகளையும் கூட்டிக்கிட்டு அதில ஏறுங்க.”

“எங்க சேர்?”

“இதென்ன கேள்வி? இலங்கைத்துறைக்குத்தான். மருந்தகம் அங்கதானே இரிக்கி! ஷெல் விழுற இடத்தில வெளியாக்கள் ஒருத்தரும் நிக்கிறாங்க இல்ல. அதுக்குத்தானே ஊர் ஆளுக்கெண்டு ஒதுக்கின.”

ஞானமணி யன்னலால் எட்டிப் பார்த்தாள். கனகமணி இன்னும் வாசல் படலையைத் தாண்டவில்லை.

“சேர், ஓடிப்போய் அவவை மறியுங்கோ! அவதான் இலங்கைத்துறை, நான் நிலாவெளி!”