கணக்குப்படி காற்று

மிளகாய் வறுத்த நெடியில் மெஹருன்னிசாவுக்குக் கண்ணீர் கொட்டியது. ஜன்னலோ அசையவில்லை. பசுமைச் சான்றிதழ் வாங்கிய கட்டடம். கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்படிதான் ஜன்னல்கள் திறக்கும், மூடும். ஆத்திரத்தோடு மேலாளர் இளவழுதியைப் போனில் பிடித்தாள்.

“மூச்சு முட்டுது சார், ஜன்னலைத் திறங்க!”

“கணக்குப்படி நீங்க காலையிலேயே சமைச்சு முடிச்சாச்சும்மா. அப்ப வந்த காத்துல வீடு இன்னும் ஜில்லுனு இருக்கு.”

“நீங்க வந்து பாத்தீங்களா?”

“திரையில பாத்துட்டுதான் சொல்றேன்.”

இருமிக்கொண்டே, வாணலியோடு மாடிப்படிக்கு ஓடினாள். யாரும் குடியிருக்காத இடம் என்று கணக்கில் சேர்க்காததால், அங்கிருந்த ஜன்னல் மட்டும் எப்போதும் திறந்திருக்கும். அதன் கீழே, சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார் இளவழுதி.

“தள்ளி உக்காருங்க சார்,” என்றாள். “வீட்ல ரொம்ப ஜில்லுனு இருக்கு.”